ஸ்டெப்னியைக் கொண்டுவர வேண்டாம்

டயரின் பக்கவாட்டில் விழுந்த வெட்டு என் சுண்டுவிரல் நீளம் இருந்தது. ஆழம் பார்க்க ஒரு ரூபாய் நாணயத்தைச் செருகினேன். பாதிக்கு மேல் உள்ளே போயிற்று. கொல்லிமலையில், செம்மேட்டில் அன்று சந்தை. வாசலூர்பட்டிப் படகுத்துறைக்கு வழி கேட்டுக்கொண்டு நடுரோட்டில் வந்த ஒரு சுற்றுலாக் காருக்கு ஒதுங்கினேன். இடிந்த சிறுபாலத்தின் கட்டையிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த கம்பி என் காரின் பின் டயரைக் கிழித்துவிட்டது. வழி கேட்டவர்கள் ஒருமுறை எட்டிப் பார்த்தார்கள். கண்ணாடியை ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள்.

பக்கத்து இருக்கையிலிருந்த என் மனைவி இறங்கிக் குனிந்து பார்த்தாள்.

"காத்து எறங்குறது, கெழட்டு ஆடு மூச்சு வாங்குற மாதிரியே இருக்குதுங்க" என்றாள். என்னைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னாள்.

நான் சர்வேயராக இருந்து ஓய்வு பெற்றவன். அளந்தும் எண்ணியும் பழகிய புத்தி, வேலையை விட்ட பிறகும் விடவில்லை. தோட்டத்து மிளகுக் கொடிகளைத் தினமும் காலையில் எண்ணுவேன். நூற்றுப் பதினெட்டு. "நேத்தைக்கு ராத்திரி ஒண்ணு எந்திரிச்சுப் போயிருச்சுங்களா?" என்று அவள் கேட்பாள். எழுந்து போகாது என்பது எனக்கும் தெரியும். இருந்தாலும் எண்ணாவிட்டால் காலைச் சோறு இறங்குவதில்லை.

இவள் என் இரண்டாவது மனைவி. முதல் மனைவி இறந்து, வேலையும் முடிந்து, மலையில் வாங்கிப் போட்டிருந்த தோட்டத்துக்குத் தனியாக வந்து சேர்ந்த பிறகு கட்டிக்கொண்டவள். இந்த மலையில் பிறந்தவள், புருஷனை இழந்தவள். மலையில் இதை இரண்டு நாள் பேசிவிட்டு மறந்துவிட்டார்கள். கீழே சேந்தமங்கலத்தில் இருக்கும் என் ஒரே மகள் பதினான்கு வருடமாகப் பேசிக்கொண்டிருக்கிறாள். அவள் வாயில் இவளுக்குப் பேர் 'அந்த மலைக்காரி'. மருமகன் வேறு ஒரு பேர் வைத்திருந்தார். அது என்ன என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது.

மகளின் பெண் சிறுமியாக இருந்தபோது விடுமுறைக்கு மலைக்கு வருவாள். வந்த முதல் வாரமே என் மனைவியை அம்மாயி என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டாள். தாயைப் பெற்றவளைத்தான் எங்கள் பக்கம் அம்மாயி என்பது. விடுமுறை முடிந்து அழைத்துப் போக வந்த என் மகள், அந்தச் சொல் காதில் விழுந்ததும் குழந்தையின் வாயிலேயே ஒன்று வைத்தாள். ஒரே அடி. அதற்குப் பிறகு, அம்மா பக்கத்தில் இருந்தால் குழந்தை இவளை எந்தப் பேராலும் கூப்பிட்டதில்லை. அம்மா இல்லாதபோது அம்மாயி என்று கூப்பிடுவாள், ரகசியம் சொல்கிற மாதிரி.

அந்தக் குழந்தைக்குத்தான் இப்போது கல்யாணம். சந்தை நாளிலிருந்து ஆறாம் நாள், சேந்தமங்கலத்தில் மண்டபம். எனக்கு மகன் இல்லை, ஆகவே பேத்திக்குத் தாய்மாமன் இல்லை. அந்த இடத்தில் நின்று சீர்த்தட்டு எடுத்து வைக்க வேண்டியவன் நான். சீர்ச் சாமான் முழுக்க இவள் சேர்த்தது. தினை புடைத்து வைத்தாள், மிளகு பொறுக்கினாள், தேனை மூன்று முறை வடிகட்டினாள். கட்டிக்கொண்டு போக ஒரு பட்டுச்சேலை எடுத்திருந்தாள். அதைத் தினமும் பெட்டியிலிருந்து வெளியே எடுப்பாள், பார்ப்பாள், அதே மடிப்பில் திரும்ப வைப்பாள்.

அவளுக்குத் தெரியாதது ஒன்று இருந்தது. பத்திரிகை வந்த அன்றே மகள் எனக்குப் போன் செய்து, "நீங்க மட்டும் வாங்கப்பா" என்று சொல்லிவிட்டாள். நான் அதை இவளிடம் சொல்லவில்லை. சொல்வதற்குத் தோதான நாள் ஒன்று வரும் என்று இருந்தேன். சேலை மட்டும் தினமும் பெட்டிக்கு வெளியே வந்துகொண்டிருந்தது.

ஸ்டெப்னியை மாட்டிக்கொண்டு, வெட்டுப்பட்ட டயரை டிக்கியில் போட்டு, பஸ் நிலையத்துப் பக்கம் இருக்கும் பஞ்சர் கடைக்குப் போனோம். கடைக்காரர் டயரை உருட்டி, வெளிச்சத்துக்குத் திருப்பி, வெட்டை இரண்டு கட்டைவிரலாலும் பிளந்து பார்த்தார்.

"ரோட்ல படுற பட்டனெல்லாம் நல்லாத்தானுங்க இருக்குது சார். ஆனா பக்கத்துல அறுத்திருச்சு. நூலு தெரியுது பாருங்க. நடுவுல ஆணி ஏறியிருந்தா ஒட்டிக் குடுத்துருவேன். இது பக்கம். மாத்தீருங்க."

"ஒட்டவே முடியாதா?"

"பழைய டயர்ல ஒரு துண்டு அறுத்து உள்ளார வெச்சு, டியூப் போட்டுக் குடுக்கலாம். ஓடும். எத்தன நாளைக்குன்னு என்னக் கேக்காதீங்க."

"புது டயர் எவ்வளவு ஓடும்?"

"நாப்பதாயிரம் கிலோமீட்டர் தாராளமா ஓடுமுங்க."

நான் கணக்குப் போட்டேன். வருடத்துக்கு இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு மேல் நான் ஓட்டுவதில்லை. நாற்பதாயிரம் என்றால் இருபது வருடம். எனக்கு வயது எழுபத்து நான்கு. இதை வாய்விட்டே சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. கடை வாசலில் டீ குடித்துக்கொண்டிருந்த ஜீப் டிரைவர் திரும்பினார். எங்கள் ஊர்ப் பக்கம் ஜீப் ஓட்டுகிறவர்தான், தெரிந்த முகம்.

"அப்ப மிச்ச டயர யாரு பேருக்குங்க எழுதி வெக்கப் போறீங்க?"

கடைக்காரர் சிரிக்காமலிருக்க முயன்றார். பழைய டயர் அடுக்கின் மேல் உட்கார்ந்திருந்த என் மனைவி முயலவே இல்லை.

"அத எரிக்கிறதுக்குப் போட்டுக்கலாமுங்க," என்றாள். "வெறகு மிச்சம்."

மூன்று வழிகள் இருந்தன. ஒன்று, நாமக்கல்லிலிருந்து புது டயர் வரவழைப்பது. ஒன்று மட்டும் புதிதாகப் போட்டால் வண்டி ஒரு பக்கம் இழுக்கும், போட்டால் ஜோடியாகத்தான் போட வேண்டும் என்று எங்கோ படித்திருந்தேன். அது மனதை அரித்தது. இரண்டு, வெட்டுக்கு ஒட்டுப் போடுவது. மூன்று, மாட்டியிருக்கும் ஸ்டெப்னியிலேயே கல்யாணத்துக்குப் போய்வருவது. ஸ்டெப்னி பழசு. பட்டன் தேய்ந்திருந்தது, நடுவிலிருக்கும் இரும்பு டிஸ்க் துருப்பிடித்திருந்தது. ஆனால் பக்கவாட்டில் ஒரு கீறல் இல்லை. கடைக்காரர் அதில் காற்றை அளந்து பார்த்து, "முப்பத்திரண்டு. நீங்க இதுலயே போயிட்டு வாங்க. வந்து புதுசு போட்டுக்கலாம்" என்றார். அதுதான் சரி என்று எனக்கும் பட்டது. கிளம்பியிருப்பேன்.

அப்போது மருமகன் போன் செய்தார். எனக்குக் காது மந்தம். போனை எப்போதும் ஸ்பீக்கரில்தான் போட்டுக்கொள்வேன்.

"மாமா, கல்யாணத்தன்னிக்கு எத்தன மணிக்கு எறங்குவீங்க?"

டயர் கிழிந்துவிட்டது, ஸ்டெப்னி மாட்டியிருக்கிறேன், அதிலேயே வந்துவிடுவேன் என்றேன்.

போனில் சிரிப்பு.

"ஸ்டெப்னியோடயா மாமா வர்றீங்க? வேண்டாமுங்க. ஸ்டெப்னிய மட்டும் மண்டபத்துக்குக் கொண்டாந்துராதீங்க. சம்பந்தி ஊட்டுக்காரங்க பாத்தா எங்க மூஞ்சிய எங்க கொண்டுபோய் வெக்கறது? அத ஊட்லயே வெச்சுட்டு வாங்க."

வண்டியில் மாற்றாக வைத்திருக்கும் சக்கரத்துக்கு ஸ்டெப்னி என்று பேர். கட்டினவளுக்கு மேல் ஒருவன் வைத்துக்கொண்டிருப்பவளுக்கும் நாட்டில் அதே பேர்தான். கடைக்காரருக்குத் தொழில் புத்தி. தன் கடையில் வைத்து ஒரு சக்கரத்தைக் குறை சொன்னது அவருக்குப் பொறுக்கவில்லை. போன் பக்கம் குனிந்து அவரே சொன்னார்:

"இல்லீங்க, ஸ்டெப்னி நல்லாத்தானுங்க இருக்குது. பழசுதான். ஆனா மலை எறக்கம் தாங்குமுங்க."

"தாங்கும்ங்க, தாங்கும்ங்க!" மருமகனுக்கு மூச்சு முட்டியது. "எங்க மாமனாரு அதுலதானுங்களே பதினாலு வருசமா ஓட்டிட்டு இருக்கறாரு!"

அவருக்குப் பின்னாலிருந்து ஒரு பெண் சிரித்தாள். என் மகளின் சிரிப்பு, அவள் பிறந்த அன்றிலிருந்து கேட்டது. எனக்கு அளந்து பார்க்க வேண்டியிருக்கவில்லை. ஜீப் டிரைவருக்கு டீ மூக்கில் ஏறிவிட்டது. நான் போனை அணைக்கப் பார்த்தேன். விரல் தவறித் தவறிப் பட்டது.

என் மனைவி டயர் அடுக்கிலிருந்து இறங்கவில்லை.

"ஏனுங்க, அவரு சொன்னது எந்த ஸ்டெப்னிங்க?"

நான் பதில் சொல்வதற்குள் ஜீப் டிரைவர், "வண்டியோடதுங்கக்கா! வண்டியோடது!" என்றார். அந்த அவசரமே அவளுக்குப் போதுமானதாக இருந்தது. அவள் அவரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், பிறகு காரில் மாட்டியிருந்த துருப்பிடித்த சக்கரத்தைப் பார்த்தாள்.

"அப்ப அதக் கழட்டிருங்க சாமி," என்று கடைக்காரரிடம் சொன்னாள். "மாப்பிள்ள சொல்லீட்டாரு. நல்ல டயருக்கே ஒட்டுப் போட்டு மாட்டிக் குடுங்க."

"அக்கா, ஒட்டுப் போட்டத நம்பி எழுபது வளைவு எறங்கறதுன்னா..."

"அவருக்கு நல்ல டயருதான் வேணும். ஒட்டா இருந்தாலும் பரவால்ல."

நான் வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். அதற்கு, ஸ்டெப்னியே இருக்கட்டும் என்று அந்த இடத்தில், அந்த இரண்டு பேருக்கு முன்னால், அந்தச் சொல்லை என் வாயால் சொல்ல வேண்டியிருந்தது. சொல்லவில்லை. கடைக்காரர் தலையை ஆட்டிக்கொண்டே பழைய டயரிலிருந்து துண்டு அறுத்தார். ஒட்டுப் போட்டது பின்னால் ஏறிற்று. ஸ்டெப்னி டிக்கிக்குள் அதன் குழிக்குப் போயிற்று. "பாரம் ஏத்தாதீங்க. மெதுவாப் போங்க" என்று அவர் சொன்னதை நான் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். நான் தேடிக்கொண்டிருந்த தோதான நாள் அதுதான் என்று பட்டது.

அன்று மாலை ஆரம்பித்தேன்.

"ஒட்டுப் போட்ட டயரு புள்ள. ரெண்டு பேரு பாரம் ஆகாதாம். நான் மட்டும் போயிட்டு வாரேன்."

அவள் தேன் புட்டிகளுக்குத் துணி கட்டிக்கொண்டிருந்தாள்.

"நா எத்தன கிலோங்க?"

"நாப்பத்தெட்டு இருப்ப."

"சீருச் சாமான்?"

"அறுவது வரும்."

"அப்ப அத எறக்கிப் போட்டுட்டு என்ன ஏத்துனா டயருக்குப் பன்னெண்டு கிலோ லாபமுங்களே. கணக்குச் சரிங்களா?"

"சீர் போகாட்டி மரியாத இல்ல."

"ஆமாங்க," என்று அடுத்த புட்டியை எடுத்தாள். "சாமான் போலாம்."

அதற்கு மேல் அவள் அதைப் பற்றிப் பேசவில்லை. அழவுமில்லை. அந்த ஐந்து நாளும் சோறு நேரத்துக்கு வந்தது. உப்பும் சரியாக இருந்தது. எனக்கு அதுதான் சங்கடமாக இருந்தது.

கல்யாணத்தன்று விடியும்போது நான் குளித்துவிட்டு வருவதற்குள் அவளே டிக்கியில் எல்லாவற்றையும் ஏற்றி முடித்திருந்தாள். எண்ணினேன். தினை மூட்டை, மிளகு மூட்டை, தேன் பெட்டி, பலா இரண்டு, வாழைத்தார். ஆறு உருப்படி. டிக்கியின் அடியிலிருந்த விரிப்பின் ஓரத்தை அழுத்திப் பார்த்தேன். சமமாக, கெட்டியாக இருந்தது. முன் சக்கரத்தடியில் ஓர் எலுமிச்சம்பழம் வைத்தாள். பழைய நூல் சேலைதான் கட்டியிருந்தாள்.

"கண்ணுகிட்ட..." என்று, பேத்திக்குச் சேதி சொல்லி அனுப்ப ஆரம்பித்தாள்.

"என்ன சொல்லணும்?"

"ஒண்ணுமில்லீங்க. யாரு சொன்னதுன்னு கேட்டா, என்ன பேருன்னு சொல்லுவீங்க?"

எலுமிச்சை நசுங்கியது. கிளம்பினேன்.

கொல்லிமலையில் இறங்கும்போது வளைவுகளின் எண் குறைந்துகொண்டே வரும். எழுபதில் தொடங்கும். ஒவ்வொரு பலகையையும் வாய்விட்டுப் படித்தபடி, இரண்டாம் கியரில், பின்னால் வந்த பைக்குக்காரர்களின் ஹாரனையெல்லாம் வாங்கிக் கட்டிக்கொண்டு இறங்கினேன். அறுபதில் ஒட்டுத் தாங்கியது. ஐம்பதில் தாங்கியது. நாற்பதைத் தாண்டியபோது, கடைக்காரருக்கு ஒன்றும் தெரியாது, இந்த டயர் இன்னும் இரண்டு வருடம் ஓடும் என்று நினைத்தேன். முப்பத்தாறாம் வளைவில் திரும்பும்போது துப்பாக்கி வெடித்தாற்போல ஒரு சத்தம். வண்டி பள்ளத்துப் பக்கமாக ஒரு முழம் இழுத்துப் போய்த் தடுப்புச் சுவரை உரசி நின்றது.

ஹேண்ட் பிரேக்கை இழுத்து, என்ஜினை அணைத்தேன். பிறகு முகூர்த்தத்துக்கு இன்னும் நேரம் இருக்கிறது, மாற்றிக்கொண்டு போய்விடலாம் என்று இறங்கினேன். ஆறு உருப்படியையும் ஒவ்வொன்றாக ரோட்டோரம் இறக்கி வைத்தேன். இடுப்பு விட்டுப்போயிற்று. விரிப்பைத் தூக்கினேன்.

குழியில் ஸ்டெப்னி இல்லை. மரவள்ளிக் கிழங்கு இருந்தது. மண் போகக் கழுவி, குழியின் வட்டத்துக்குத் தக்கபடி நறுக்கி, ஒரு விரல் நுழைய இடமில்லாமல் அடுக்கியிருந்தது. ஆறு உருப்படியை எண்ணியவன், டயர்களை எண்ணவில்லை.

அந்த வளைவில் போனுக்கு ஒரே ஒரு கோடுதான் சிக்னல். அவளைக் கூப்பிட்டேன்.

"ஸ்டெப்னி எங்க புள்ள?"

"ஊட்லதானுங்க இருக்குது," என்றாள். குரலில் ஒன்றுமே இல்லை. "கொண்டாரக் கூடாதுன்னு மாப்பிள்ள சொன்னாருங்களே."

"டயர் வெடிச்சுப் போச்சு. நான் பள்ளத்துல போயிருப்பேன்!"

அந்தப் பக்கம் முறத்தில் மிளகைத் தட்டும் சத்தம் கேட்டது.

"போகலீங்களே," என்றாள். வைத்துவிட்டாள்.

குரங்குகள் வந்துவிட்டன. அந்த ரோட்டில் நிற்கும் எந்த வண்டிக்கும் அவை வரும். முதலில் வாழைத்தார் போயிற்று. நான் ஜாக்கிக் கம்பியை ஓங்கிக்கொண்டு பலாவைக் காத்தேன். பின்னால் தினை மூட்டை கிழிந்தது. மூன்று முறை வடித்த தேனில் ஒரு புட்டி உருண்டு உடைந்து ரோட்டில் ஓடியது. பைக்கில் போன இளவட்டங்கள் நின்று, பட்டு வேட்டியோடு நான் குரங்கு விரட்டுவதைப் போனில் படம் எடுத்துக்கொண்டார்கள்.

மருமகன் கூப்பிட்டார். பின்னால் நாயனச் சத்தம்.

"எங்க மாமா இருக்கறீங்க? சீர்த்தட்டுக்கு எல்லாரும் காத்துக்கிட்டு நிக்கறாங்க!"

"டயர் வெடிச்சிருச்சு. முப்பத்தாறாம் வளைவு."

"ஸ்டெப்னிய மாட்டிட்டு ஓடி வாங்க, என்னமோ போங்க!"

"ஸ்டெப்னி இல்ல."

"ஸ்டெப்னி இல்லாம எவனாச்சும் மலைய எறங்குவானா? படிச்சவருதானுங்களே நீங்க?"

"கொண்டுவர வேண்டாம்னு நீங்கதானுங்க சொன்னீங்க," என்றேன். "வீட்லயே வெச்சுட்டேன்."

இந்த முறை அவர் சிரிக்கவில்லை. சீர்த்தட்டை வந்திருக்கும் என் பங்காளி யாரையாவது விட்டு எடுக்கச் சொல்லிக்கொள்வதாகச் சொன்னார். ஆள் அனுப்புகிறேன் என்று சொல்லவில்லை. நான் கேட்கவுமில்லை.

கீழிருந்து வெறும் ஜீப்பில் ஏறி வந்தவர், சந்தையில் டீ மூக்கில் ஏறிய அதே டிரைவர்தான். நிறுத்தி, வெடித்த டயரைப் பார்த்து, டிக்கிக் குழியைப் பார்த்து, கிழங்கில் ஒன்றை எடுத்து முகர்ந்து பார்த்தார். அவர் முகத்தில் ஒவ்வொன்றாக விளங்கிக்கொண்டு வந்தது.

"அக்கா நல்லா அடுக்கியிருக்கறாங்க," என்றார்.

மிச்சமிருந்த சாமானை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு, ஸ்டெப்னியை எடுத்துவர மேலே போனோம். எண்கள் இப்போது ஏறிக்கொண்டே போயின. முகூர்த்த நேரம் ஐம்பதாம் வளைவுப் பக்கத்தில் எங்கேயோ கடந்தது.

வாசலில் அவள் ஸ்டெப்னியின் மேல் உட்கார்ந்து, மடியில் முறத்தை வைத்து மிளகு பொறுக்கிக்கொண்டிருந்தாள். பட்டுச்சேலை கட்டியிருந்தாள். தலையில் பூவும் இருந்தது. எங்களைப் பார்த்தும் எழவில்லை.

"எந்திரி புள்ள."

"எதுக்குங்க?"

"டயர் வேணும்."

"எந்த டயருங்க?"

ஜீப் டிரைவர் என்ஜினை அணைத்தார். வேண்டுமென்றேதான் அணைத்தார்.

"ஸ்டெப்னி," என்றேன்.

"காது கேக்கலீங்க."

"ஸ்டெப்னி வேணும்!"

தோட்டத்தின் அந்தக் கோடி வரைக்கும் கேட்டிருக்கும். அவள் மெதுவாக எழுந்தாள். முறத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு, சேலைக் கொசுவத்தைத் தட்டிவிட்டு ஒதுங்கி நின்றாள். ஜீப் டிரைவர் சக்கரத்தை நிமிர்த்தினார். கை வைத்த இடத்தில் டயர் சோற்றுமூட்டை மாதிரி அமுங்கியது. காலால் மிதித்துப் பார்த்தார்.

"சார், இதுல காத்தே இல்லீங்களே!"

"வெச்ச எடத்துலயே வெச்சிருந்தா தானா எறங்கிருமுங்க," என்றாள் அவள், அவரைப் பார்த்து.

ஆறு நாளைக்கு முன்னால் கடையில் அளந்தபோது முப்பத்திரண்டு நின்றது. தானாக அவ்வளவு இறங்காது. அவள் இடுப்பிலிருந்த முறத்தைப் பார்த்தேன். மிளகோடு மிளகாக, அதே கறுப்பில், டயர் வால்வின் சின்ன மூடி கிடந்தது. எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். அவள் முறத்தைத் தட்டி மீதியைப் புடைக்க ஆரம்பித்தாள்.